மீற்றர் ஐயாவின் புல்தரை

லிங்கநகரில் எங்கள் ஒழுங்கைக்கு வந்து ஞானசேகரத்தின் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். மீற்றர் ஐயா வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கையைக் காட்டும். மின்சாரக் கந்தோரில் மீற்றர் வாசிக்கிறவராக இருந்து பென்சன் எடுத்தவர். வேலையைக் கந்தோரில் ஒப்படைத்துவிட்டு வந்தார். குணத்தை ஒப்படைக்கவில்லை. இன்றைக்கும் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால் அவருடைய கண் முதலில் போவது மீற்றர் பெட்டிக்கு, அடுத்தது அதற்கு மேலே ஓடுகிற வயருக்கு, அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரின் முகத்துக்கு. சொந்தத் தங்கச்சி வீட்டிலேயே கள்ளமாய் இழுத்த கரண்டைக் கண்டுபிடித்துக் கந்தோருக்கு எழுதிக்கொடுத்த மனிசன். தங்கச்சி இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

நான் சுலோஜனா. அவருடைய கேற்றுக்கு நேர் எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கடைக்காரிக்குத் தெரியாமல் ஒழுங்கையில் ஒன்றும் நடக்காது என்று சொல்வார்கள். அது பொய். ஒன்று நடந்தது, என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது, நானும் கனநாள் அதைக் காணவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அவருக்குப் புல்லில் ஏன் ஆசை வந்தது என்பதை அவரே ஒருநாள் சவர்க்காரம் வாங்க வந்த இடத்தில் சொன்னார். துறைமுகப் பக்கத்துப் பழைய பங்களாக்களுக்கு மீற்றர் வாசிக்கப் போவாராம். வாசலிலிருந்து மீற்றர் வரைக்கும் பச்சைப்பசேல் என்று புல். நேரே நடந்தால் நாலு எட்டு. ஆனால் காவற்காரன் ஒவ்வொரு முறையும் விரலைக் காட்டி, சுற்றிப் போ என்பானாம்.

"அண்டைக்கே நினைச்சனான் சுலோ. பென்சனுக்குப் பிறகு என்ர வளவில ஒரு புல்லு போடுவன். அதில ஒருத்தரும் மிதிக்கக்கூடாது."

மற்றவர்கள் புல் வளர்ப்பது அதில் இருந்து காற்று வாங்க. இவர் வளர்க்க நினைத்தது, மிதிக்காதே என்று ஆருக்காவது சொல்ல.

சிக்கல் என்னவென்றால், வீட்டு முன்வளவு வெறும் நிலமாக இருக்கவில்லை. அது அவருடைய மனைவி புஷ்பவதியின் தோட்டம். பசளிக்கீரை, கத்தரி, மிளகாய், மதிலோரம் ஒரு முருங்கை. அந்த முருங்கைத் தடியைத் திரியாயில் இருக்கிற தன் தமக்கையிடமிருந்து கொண்டுவந்து நட்டவ. இலையும் காயும் எனக்குக் கடைக்குத் தருவா, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாவுக்கும் கொடுப்பா. அந்தத் தமக்கை செத்துப்போய், முப்பத்தோராம் நாளுக்குப் புஷ்பமக்கா திரியாய்க்குப் போயிருந்த அன்றைக்குத்தான் ஐயா ஆளைப் பிடித்து முருங்கையை வெட்டி, கத்தரியைப் பிடுங்கி, நிலத்தை மட்டம் போட்டார். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி வந்த மனிசி கேற்றடியில் பையோடு நின்றதை நான் பார்த்தேன்.

"மரம் எங்க?" என்று கேட்டா.

"மயிர்க்கொட்டிப் புழு வருது. வெட்டிப்போட்டன்" என்றார்.

அவ பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தா. எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தேத்தண்ணியை அவருடைய தலையில் ஊற்றியிருப்பேன். இந்த மனிசி ஏன் இப்படி ஊமையாய் இருக்குது என்று அவவிலும் கோபம் வந்தது.

மாரி தொடங்க முதல் மலேசியன் புல் சதுரம் சதுரமாக வந்து இறங்கியது. அதற்குப் பிறகு ஐயாவுக்குப் பிள்ளையும் அதுதான், பூசையும் அதுதான். மாரியில் ஈரப் புல்லை வெட்டக்கூடாது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்று குடையோடு நின்று வாய்க்கால் கிண்டினார். தைப்பொங்கல் கழிந்து வெயில் ஏறியதும் கோரையை மேலால் பிடுங்காமல் கிழங்கோடு தோண்டி எடுத்தார். பிறகு சலித்த மண்ணையும் மக்கிய மாட்டெருவையும் கலந்து மெல்லிசாகத் தூவினார். சித்திரை வெயிலுக்கு முதல் பசளை. வைகாசியில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பசளையே கூடாது, போட்டால் எரியும். புல்லை ஒட்ட வெட்டாமல் உயர விடவேண்டும். விடிய வெயில் ஏற முதல் வேர் நனையத் தண்ணீர் விடவேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சீனி வாங்க வருகிறவர்களை எல்லாம் என் கடை வாசலில் மறித்து வைத்து அவர் படிப்பித்தது இது. உள்ளதைச் சொல்லவேண்டும், புல் நன்றாகத்தான் வந்தது. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று ஐயா சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

வெசாக் கழிந்த கிழமை முதல் திட்டு விழுந்தது. சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். அதற்குள் புல் பழுத்து, பிறகு வைக்கோலாய்ச் செத்துக் கிடந்தது. சில நாளில் பக்கத்தில் இன்னொன்று. பிறகு மதிலோரம் ஒன்று.

முதலில் மான்களைச் சந்தேகித்தார். கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் பக்கம் வருவது குறைவு, ஆனால் வந்தால் பூங்கன்றை மிச்சம் வைக்காது. மான் என்றால் மேய்ந்த அடையாளம் இருக்கவேண்டும், புழுக்கை இருக்கவேண்டும். இரண்டும் இல்லை. மான் தப்பியது, மனிதர்கள் அகப்பட்டோம்.

"சுலோ, உப்புக் கொட்டினாலும் புல்லு சாகும். இந்தக் கிழமை ஆர் ஆர் உப்பு வாங்கினது?"

"உப்பு வாங்காத வீடு இருக்கோ ஐயா?"

"அளவுக்கு மிஞ்சி வாங்கினது ஆரெண்டு கேக்கிறன்."

"நீங்கள்தான். ஊறுகாய் போட எண்டு புஷ்பமக்கா கனக்க வாங்கினவ."

"அது வீட்டுக்கு" என்று கையை விசுக்கிவிட்டு, என்னை ஒருமாதிரிப் பார்த்தார். முருங்கையிலை வரத்து நின்றுபோனதில் எனக்கும் ஒரு வன்மம் இருக்கலாம் என்று அவர் நினைத்தது அந்தப் பார்வையில் தெரிந்தது.

பிறகு மதிலோரம் மீன்பிடிக்கிற தங்கூசி நூலைக் கட்டி அதில் பால்மாத் தகரப்பேணிகளைத் தொங்கவிட்டார். ஆரும் மதில் ஏறினால் பேணி கிலுங்க வேண்டுமாம். கச்சான் காற்றுக்கு அது இராவு பகலாய்க் கிலுங்கியது. ஒழுங்கையில் ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. ஐயாவோ இராவிராவாய்க் காவல் இருந்துவிட்டு, பகலில் கண் சிவக்கத் திரிந்தார். பகலில் வளவைப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. கள்ளன் இருட்டில்தான் வருவான் என்பது அவருடைய சர்வீசில் படித்த பாடம்.

திட்டுகளின் ஓரத்தில் காய்ந்த புல்லில் வெள்ளையாய், தோல்போல ஏதோ படிந்திருப்பதை ஒருநாள் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மருந்து. ஆரோ களைநாசினி அடிக்கிறார்கள். மருந்து அடிக்கிற டாங்கி ஆர் வீட்டில் இருக்கிறது? தாஹிர் வீட்டில்.

தாஹிர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர், நஜ்முன் நிஸாவின் புருஷன். தோப்பூரில் வயல் செய்கிறார். வயலுக்குப் போகும்போது மோட்டார்சைக்கிளின் பின்னால் டாங்கியைக் கட்டிக்கொண்டு போவது அவருடைய மகன் ஸப்வான். அந்தப் பெடியன் ஒருமுறை கிரிக்கெற் பந்தை எடுக்க மதிலால் குதித்துப் புல்லில் மிதித்து, ஐயாவிடம் நல்ல பேச்சு வாங்கினவன். ஆள் இருக்கு, ஆயுதம் இருக்கு, கோபமும் இருக்கு. ஐயாவுக்கு வேறென்ன வேணும்?

எனக்கு வேறொன்று தெரியும். ஸப்வான் கட்டாருக்குப் போக ஆயத்தமாய் இருந்தான். குளிரூட்டி திருத்துகிற வேலை, எல்லாம் சரி, பொலிஸ் ரிப்போட் மட்டும் வரவேண்டும். அந்தக் குடும்பம் கையில் இருந்ததை எல்லாம் அந்தப் பயணத்துக்குப் போட்டிருந்தது. நஜ்முன் நிஸா கடைக்கு வரும்போதெல்லாம் அதே கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயா பேப்பரில் சுருட்டிய சரை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, பூசாரி திருநீற்றைப் பிரிப்பதுபோலப் பிரித்தார். உள்ளே சுரண்டி எடுத்த வெள்ளைச் செதில்கள்.

"மணக்காதை. நஞ்சு."

நான் மூக்கில் வைத்து மணந்தேன். விரலால் நசித்தும் பார்த்தேன். சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன். நஞ்சாவது மண்ணாவது. அது வடிகஞ்சி. சோறு வடித்த கஞ்சி வெயிலில் காய்ந்தால் அப்படித்தான் தோலாய் உரியும், அப்படித்தான் புளித்து மணக்கும். சேலைக்குக் கஞ்சி போடுகிற எந்தப் பொம்பிளையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். ஐயாவின் சட்டைக் கொலரை விறைப்பாக நிறுத்தி வைத்திருந்ததும் அதே கஞ்சிதான். நாளுக்கு ஒருதரம் சுடச்சுடக் கொட்டினால் எந்தப் புல்லும் வேரோடு வெந்துபோகும். சோற்றுப் பானைக்குக் கிட்டவும் போகாத மனிசனுக்கு இது எங்கே தெரியப்போகிறது? அந்த வீட்டில் சோறு வடிக்கிறது ஆர் என்று நான் யோசிக்கத் தேவையில்லை. ஐயா மத்தியானம் வானொலியில் மரண அறிவித்தல் கேட்டபடி சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற நேரம், குசினிப் பக்கத்தால் வளவுக்கு வந்து போக அவவுக்கு நல்லாய்க் காணும். நானும் அந்த நேரம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

"நாளைக்கு இதோட பொலிசுக்குப் போறன்" என்றார். "உவன் ஸப்வான்ர பேரைக் குடுக்கப் போறன்."

"ஐயா, அவன்ர பயணம் குழம்பிப்போகும். முறைப்பாடு இருந்தா ரிப்போட் குடுக்க மாட்டினம்."

"அப்ப அவன் செய்திருக்கக் கூடாது."

பயணம் மட்டுமா? எங்கள் ஊரில் ஒரு தமிழ் வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் பெடியன்மேல் பொலிசுக்குப் போனால் அது புல்லோடு நிற்காது. பொழுதுபடமுதல் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நாலு பேர், இந்தப் பக்கம் நாலு பேர் கூடி நிற்பார்கள். என்ன நடந்தது என்று தெரியாதவன்தான் உரத்துக் கத்துவான். ஆனாலும் அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டுக்குள் இருக்கிறதை நான் எடுத்துத் தெருவில் போடலாமா?

ஐயா கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பின்பக்கத்தால் போனேன். புஷ்பமக்கா கிணற்றடியில் பானை மினுக்கிக்கொண்டிருந்தா. பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாய் நின்றது.

"அக்கா, கஞ்சியோ?" என்றேன்.

அவ நிமிரவில்லை. தேய்த்தபடியே, "ஓம்" என்றா.

"ஏனக்கா?"

"அண்டைக்கு மரத்தை வெட்டினார், பொறுத்தனான். இந்த ஒரு கறிவேப்பிலைதான் மிச்சம். கிணத்தில தண்ணி குறையுது, புல்லுக்கு வேணும், இதுக்கு ஊத்தாதை எண்டார். அதுதான் எனக்கு ஏலாமப் போச்சு."

"இப்ப அந்தப் பெடியன் மாட்டப்போறான். ஐயாவிட்டச் சொல்லுங்கோவன்."

"சொன்னா நம்பமாட்டார் சுலோ. பெடியனைக் காப்பாத்தப் பொய் சொல்லிறன் எண்டுவார். நான் ஒண்டு நினைச்சு ஒண்டைச் செய்வன் எண்டு அந்தாளுக்குத் தெரியாது."

அவ பானையைக் கவிழ்த்து வைத்தா.

திங்கட்கிழமை காலை ராகுகாலம் கழிந்தும் ஐயா கிளம்பவில்லை. பொலிசில் மணிக்கணக்காய் இருத்தி வைப்பார்கள், நேரத்தோடு சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று சோற்றை முந்தி வைக்கச் சொன்னாராம். வெளுத்த சட்டை போட்டு, சரையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வாசலில் உலாவினார். நான் கடையில் ஒரு ஆளை இருத்திவிட்டு அவருடைய கேற்றடிக்குப் போய்விட்டேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் தாஹிர் வந்தார். கதை அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கேற்றுக்கு வெளியே விட்டுவிட்டு, புல்லில் படாமல் ஓரமாய் நடந்து வந்து நின்றார்.

"சேகரண்ணன், என்ட புள்ளை இதைச் செய்யல்ல. அல்லாஹ் மேல ஆணை. நேற்று முழுக்க அவன்ட உம்மா சோறு தின்னல்ல."

"டாங்கி உங்கட வீட்டில இருக்கு."

"இரிக்கி. வயலுக்கு அடிக்கிற டாங்கி. இந்தப் பக்கம் எடுத்தே இல்ல."

"செய்தவன் செய்தன் எண்டு சொல்லுவானோ? எத்தினை பேரை நான் பாத்தனான். வயரைக் கையில பிடிச்சுக் காட்டினாலும் தெரியாது எண்டுதான் சொல்லுவினம்."

"அப்ப என்னில குடுங்க முறைப்பாட்டை. அவன்ட பேரை எழுதாதீங்க."

வயதுபோன மனிதர், வெயிலில் வெறுங்காலோடு நிற்கிறார். ஐயா பொக்கற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் குசினிப் பக்கத்துக் கதவு திறந்தது.

புஷ்பமக்கா வந்தா. கொண்டுவந்தது சோற்றுப் பானையில்லை, வடித்த கஞ்சி இருந்த சட்டி. இரண்டு கையிலும் பழந்துணியைச் சுற்றிப் பிடித்திருந்தா, ஆவி முகத்தில் அடித்தது. எங்களில் ஒருத்தரையும் பார்க்கவில்லை. நேரே புல்லில் இறங்கி நடந்தா. அந்தப் புல்லில் அப்படி ஆரும் நடந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. நடுவில், நல்லாய்ப் பச்சையாய் இருந்த இடத்தில் நின்று, சட்டியைச் சரித்தா. புல்லிலிருந்து புகைபோல ஆவி எழும்பியது. கடைசிச் சொட்டு விழும்வரை ஊற்றிவிட்டுச் சட்டியை நிமிர்த்தினா.

"நஞ்சு இதுதான்" என்றா. "தம்பியின்ர பேரை எங்கயும் எழுதாதேங்கோ."

ஐயாவின் கண் கஞ்சியைப் பார்த்தது, சட்டியைப் பார்த்தது. சரையை எடுத்துப் பிரித்து அதையும் பார்த்தார். கெட்டிக்காரன், கண்ணுக்கு முன்னால் இருக்கிறதை மறுக்க அவருக்குத் தெரியாது. கடைசியில் கேட்டார்.

"உன்னை ஆர் செய்யச் சொன்னது?"

கேட்டுவிட்டுத் தாஹிரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மதிலுக்கு அங்கால் ஆராவது நிற்கிறார்களா என்றும் எட்டிப் பார்த்தார்.

"அங்க பாக்காதேங்கோ" என்றா புஷ்பமக்கா. குரல் உயரவில்லை. "இஞ்ச பாருங்கோ. ஒருத்தரும் சொல்லேல்ல. அக்கா தந்த மரத்தை, அக்காவின்ர காரியத்துக்கு நான் போயிருக்கேக்க வெட்டினீங்கள். என்னைக் கேக்கேல்ல. நானும் உங்களைக் கேக்கேல்ல. நான்தான் ஊத்தினனான். நானேதான்."

தாஹிர்தான் முதலில் அசைந்தார். "நான் வாறன் அண்ணன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, வந்த மாதிரியே ஓரமாய் நடந்து போனார். அந்த மரியாதைக்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம். நானும் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஐயா படியில் இருந்தார், சரை கையிலேயே இருந்தது. புஷ்பமக்கா பக்கத்தில் வந்து, "சோறு போடட்டோ?" என்று கேட்டா. அவர் தலையை ஆட்டினார். அது ஓம் என்றோ இல்லை என்றோ எனக்கு விளங்கவில்லை.

பொலிசுக்கு அவர் போகவில்லை. ஸப்வானின் ரிப்போட் வந்தது, ஆடி பிறக்க முதல் கட்டாருக்குப் போய்விட்டான். புல்லில் பாதி செத்துவிட்டது. மிச்சத்துக்கு ஐயா தண்ணீர் விடுகிறார், ஆனால் அதில் முந்தின மூச்சு இல்லை. அவருடைய கவனம் வேறிடத்துக்குப் போய்விட்டது.

இப்போது அவர் கதிரையைக் குசினி வாசலில் போட்டிருக்கிறார். உலை வைத்தால் எட்டிப் பார்க்கிறாராம். வடித்தால் கஞ்சி எங்கே போகிறது என்று பின்னாலேயே வருகிறாராம். சோற்றில் கை வைக்க முதல் ஒருதரம் மணந்தும் பார்க்கிறாராம். புஷ்பமக்கா கிணற்றடிக்குப் போனால் கிணற்றடி, என் கடைக்கு வந்தால் சன்னல். நேற்றுப் பருப்பு வாங்க வந்தபோதும் எதிர்ச் சன்னலில் அவருடைய தலை தெரிந்தது.

"உப்பிடிப் பின்னால திரிஞ்சா உங்களுக்குக் கரைச்சலா இல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

அவ திரும்பி அந்தச் சன்னலை ஒருக்கால் பார்த்தா.

"கரைச்சல்தான்" என்றா. "ஆனா சுலோ, கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்துக்கு, இப்பதான் அந்த மனிசன் நான் என்ன செய்யிறன் எண்டு பாக்குது."